இரவு டூட்டியில் இருந்த மேய்ப்பர்கள்

டிசம்பர் மாதம் சபைக்குப் போகிறவர்களின் காதில் ஒரு வாக்கியம் தப்பாமல் விழும்: "இந்த ஓட்டத்தையெல்லாம் கொஞ்சம் நிறுத்துங்கள், கிறிஸ்துமஸின் உண்மையான அர்த்தத்தைத் தேடுங்கள்." சொல்கிறவர் நல்ல மனதோடுதான் சொல்கிறார். ஆனால் அவர் சொல்லி முடித்த கையோடு அறிவிப்புகள் வாசிக்கப்படும். கொயர் பயிற்சிக்கு யாரும் தாமதமாக வரக்கூடாது, ஞாயிறு பள்ளி நாடகத்துக்கு இன்னும் இரண்டு தேவதூதர்கள் தேவை, ஆலயத்தைச் சுத்தம் செய்ய ஆட்கள் பெயர் கொடுக்க வேண்டும், பரிசுப் பொருட்களுக்குக் கடைசித் தேதி இது. ஓட்டத்தை நிறுத்தச் சொன்ன அதே இடம்தான் ஓடுவதற்கான கால அட்டவணையையும் கையில் தருகிறது.

நான் இதைக் குறையாகச் சொல்லவில்லை. அந்த அறிவிப்புகளில் சிலவற்றை எழுதிக் கொடுப்பதே நான்தான். வீட்டுக்கு வந்தால் அங்கே வேறொரு பட்டியல் காத்திருக்கிறது: அலுவலகத்தின் ஆண்டுக் கடைசிக் கணக்கு, தங்க வருகிற உறவினர்கள், பிள்ளைகளுக்குத் துணி, யாரைக் கூப்பிடாமல் விட்டால் மனத்தாங்கல் வரும் என்கிற கவலை. இதற்கெல்லாம் கீழே, கடைசி வரியாக "அர்த்தத்தைத் தேட வேண்டும்" என்று இன்னொரு வேலையைச் சேர்த்தால் என்ன ஆகும்? மற்ற வேலைகள் நடக்காவிட்டால் ஆள் வந்து கேட்பார்கள். இதை யாரும் கேட்க மாட்டார்கள். அதனால் முதலில் விடுபடுவது அதுதான். 25ஆம் தேதி ராத்திரி படுக்கும்போது, செய்து முடித்த அத்தனை வேலையையும் மறந்துவிட்டு, செய்யாமல் விட்ட அந்த ஒன்று மட்டும் உறுத்தும்.

வேலை ஒரு பக்கம், அர்த்தம் இன்னொரு பக்கம் என்று நாம் பிரித்து வைத்ததில்தான் சிக்கலே இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. இந்தக் கதையை முதலில் எழுதி வைத்தவர்கள் அப்படிப் பிரிக்கவே இல்லை.

லூக்கா சுவிசேஷத்தின் இரண்டாம் அதிகாரம் ஓர் அரசாங்க உத்தரவோடு தொடங்குகிறது. ரோமப் பேரரசரான அகஸ்து இராயன் குடிமதிப்பு எழுதச் சொல்கிறார். குடிமதிப்பு என்றால் கடைசியில் அது வரிக்கணக்குதான். எல்லாரும் அவரவர் சொந்த ஊருக்குப் போய்ப் பெயரைப் பதிய வேண்டும். நாசரேத்திலிருந்து பெத்லகேமுக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல் வழி. நிறைமாதக் கர்ப்பிணியோடு யோசேப்பு போவது புனிதப் பயணத்துக்காக இல்லை, ரோம அரசாங்கத்தின் வேலைக்காக. ஊரில் கூட்டம். தங்க இடமில்லை. அந்த நெருக்கடிக்குள் பிள்ளை பிறக்கிறது. பிறப்பைச் சொல்ல லூக்கா எடுத்துக்கொள்வது ஒரே ஒரு வசனம்: "சத்திரத்திலே அவர்களுக்கு இடமில்லாதிருந்தபடியினால், பிள்ளையைத் துணிகளில் சுற்றி, முன்னணையிலே கிடத்தினாள்." அவ்வளவுதான்.

இந்த இடத்தில் ஞாயிறு பள்ளி நாடகங்களுக்கு ஒரு சிறிய மறுப்பு. நாடகங்களில் ஒரு சத்திரக்காரர் வருவார். கதவைப் பாதி திறந்து, "இடமில்லை, போ" என்று கத்துவார். பிள்ளைகள் போட்டி போட்டுக்கொண்டு நடிக்கிற வேஷம் அது. ஆனால் சுவிசேஷத்தில் அப்படி ஒருவர் கிடையாது, அவரைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. யாரும் திட்டியதாகவோ விரட்டியதாகவோ லூக்கா சொல்லவில்லை. ஊர் நிறைந்திருந்தது, அதனால் இடமில்லை. இதில் கெட்டவர்கள் யாரும் இல்லை. என் டிசம்பரைப் பார்க்கும்போது எனக்கு அந்த ஊர்தான் ஞாபகம் வருகிறது. அதில் பாவமான காரியம் என்று எடுத்துக்காட்ட எதுவும் இருக்காது. எல்லாம் நியாயமான வேலைகள், பாதிக்கு மேல் பிறருக்காகச் செய்கிற வேலைகள். இருந்தும் இடமில்லை.

அந்த அதிகாரம் அகஸ்து இராயனின் பெயரோடு தொடங்குவதிலும் விஷயம் இருக்கிறது. இன்றைய துருக்கியின் மேற்குப் பகுதியில் இருந்த பிரியேனே என்ற பழைய நகரத்தில் ஒரு கல்வெட்டு கிடைத்திருக்கிறது. கி.மு. 9ஆம் ஆண்டைச் சேர்ந்தது. ஆசியா மாகாணத்தார் தங்கள் புத்தாண்டை அகஸ்துவின் பிறந்தநாளுக்கு மாற்றிக்கொள்கிறார்கள் என்பது செய்தி. அதில் அவரை இரட்சகர் என்று புகழ்கிறார்கள், அவர் பிறந்த நாள்தான் உலகத்துக்கு நற்செய்தியின் தொடக்கம் என்கிறார்கள். ஆக, ஓர் இரட்சகரின் பிறந்தநாளைத் தடபுடலாகக் கொண்டாடுவது அந்தக் காலத்துக்குப் புதிதில்லை. லூக்கா அந்த இராயனை முதல் வரியில் நிறுத்திவிட்டு, "இன்று இரட்சகர் உங்களுக்குப் பிறந்திருக்கிறார்" என்ற செய்தியை வயல்வெளியில் இருக்கிற சில மேய்ப்பர்களிடம் சொல்ல வைக்கிறார். இராயனுக்கு அந்தச் சேதி போகவே இல்லை.

இன்னொன்று. லூக்காவின் முதல் இரண்டு அதிகாரங்களையும் ஒரே மூச்சில் வாசித்துப் பாருங்கள், ஆட்கள் போய்க்கொண்டும் வந்துகொண்டுமே இருக்கிறார்கள். பிள்ளை பெறுவாய் என்று சொல்லிவிட்டுத் தேவதூதன் போனபின் மரியாள் மலைநாட்டுக்குத் தீவிரமாய்ப் போகிறாள், வயதான காலத்தில் கர்ப்பமாக இருக்கிற எலிசபெத்தோடு ஏறக்குறைய மூன்று மாதம் தங்கியிருக்கிறாள். மேய்ப்பர்களும் தீவிரமாய்த்தான் வருகிறார்கள். அந்த வேகத்தை லூக்கா எங்கும் குற்றமாகச் சொல்லவில்லை. யாரைப் பார்க்கப் போகிறோம் என்று தெரிந்து ஓடினார்கள்.

கிறிஸ்துமஸ் கெட்டுப்போய்விட்டது, அந்தக் காலத்தில் இப்படியில்லை என்று பெரியவர்கள் சொல்வதைக் கேட்டிருப்போம். அந்தக் காலம் எந்தக் காலம் என்று தேடினால் வேடிக்கையாக இருக்கிறது. ஆரம்பக் கிறிஸ்தவர்கள் இந்தப் பண்டிகையைக் கொண்டாடியதற்கே தடயம் இல்லை. மாற்கு சுவிசேஷம் பிறப்பைத் தொடாமல், யோவான் ஸ்நானகனோடு தொடங்கி, வளர்ந்த இயேசு யோர்தானுக்கு வருவதற்குப் போய்விடுகிறது. பவுல் தன் நிருபங்களில் "ஸ்திரீயினிடத்தில் பிறந்தவர்" என்ற அளவோடு நிறுத்திக்கொள்கிறார். டிசம்பர் 25ஐக் கிறிஸ்து பிறந்த நாளாகக் குறிப்பிடும் பழைய ஆதாரம் ரோமில் 354இல் தொகுக்கப்பட்ட ஒரு நாட்காட்டி. அதிலுள்ள பட்டியல் 336ஆம் ஆண்டு வாக்கில் உருவானது என்கிறார்கள். ஏன் அந்தத் தேதி என்பதற்குச் சூரிய விழாவைக் காட்டுகிறவர்கள் உண்டு, இயேசு கருவானதாகக் கருதப்பட்ட மார்ச் 25லிருந்து ஒன்பது மாதம் எண்ணிப் பார்க்கிறவர்களும் உண்டு. அந்தச் சண்டைக்குள் நான் போகவில்லை.

நான் சொல்ல வந்தது வேறு. அதே நான்காம் நூற்றாண்டு முடிவதற்குள், கான்ஸ்டான்டினோப்பிளில் நசியான்சுஸ் கிரெகொரி என்ற ஆயர் கிறிஸ்துவின் பிறப்பைப் பற்றி ஒரு பிரசங்கம் செய்கிறார். அதில் என்ன சொல்கிறார் தெரியுமா? வாசல்களை அலங்கரிக்க வேண்டாம், தெருக்களை ஜோடிக்க வேண்டாம், ஆட்டமும் குடியும் வேண்டாம், வயிறு முட்டச் சாப்பிடுவதிலும் ஆடம்பரத்திலும் ஒருவரையொருவர் மிஞ்சப் பார்க்க வேண்டாம் என்கிறார். பண்டிகை பிறந்து ஒரு தலைமுறையோ இரண்டு தலைமுறையோதான் ஆகியிருக்கும். அதற்குள் புகார் வந்துவிட்டது! கெட்டுப்போகாத ஒரு பழைய கிறிஸ்துமஸ் எங்கேயோ இருந்தது என்று நம்புகிறவர்களுக்கு இது கொஞ்சம் ஏமாற்றமாக இருக்கும். எனக்கு என்னவோ ஆறுதலாக இருந்தது.

பிற்பாடு சிலர் புகாரோடு நிற்காமல் சட்டமே போட்டார்கள். இங்கிலாந்தில் பியூரிட்டன்கள் என்ற தூய்மைவாதிகளின் செல்வாக்கில் இருந்த நாடாளுமன்றம் 1647இல் பண்டிகையை ஒழித்தது. கடலுக்கு அப்பால் மாசசூசெட்ஸ் குடியேற்றத்தில் 1659 முதல் கிறிஸ்துமஸ் கொண்டாடுகிறவர்களுக்கு ஐந்து ஷில்லிங் அபராதம், அது 1681 வரை நீடித்தது. அவர்கள் சொன்ன காரணங்களில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் கொண்டாட்டத்தை எடுத்துவிட்டால் அர்த்தம் தானாக மேலே வந்து மிதக்கும் என்று நினைத்தார்கள் பாருங்கள், அதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. வேலை குறைந்த வீட்டில் ஜெபம் கூடிவிடும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை.

சரி, அன்றைக்கு யார்தான் தவறவிட்டார்கள்? லூக்காவை விட்டு மத்தேயுவுக்கு வந்தால் பதில் கிடைக்கிறது, கிடைக்கிற பதில் கொஞ்சம் சங்கடமானது. கிழக்கிலிருந்து சாஸ்திரிகள் எருசலேமுக்கு வந்து, யூதருக்கு ராஜாவாகப் பிறந்திருக்கிறவர் எங்கே என்று விசாரிக்கிறார்கள். அங்கே ராஜாவாக இருந்த ஏரோது கலங்கிப்போய்ப் பிரதான ஆசாரியரையும் வேதபாரகரையும் கூட்டிக் கேட்கிறான். அவர்கள் உடனே சொல்கிறார்கள்: யூதேயாவிலுள்ள பெத்லகேமில். மீகா தீர்க்கதரிசியின் வசனத்தையும் எடுத்துக் காட்டுகிறார்கள். முழு மதிப்பெண் கொடுக்க வேண்டிய பதில். எருசலேமிலிருந்து பெத்லகேம் தெற்கே பத்துக் கிலோமீட்டருக்குள்தான், இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல் நடந்தால் போய்விடலாம். எங்கிருந்தோ வந்த அந்நியர்கள் போனார்கள். பதில் சொன்னவர்கள் போனதாக மத்தேயு எழுதவில்லை.

வேத வினாடி வினாவில் மற்றவர்களுக்கு முந்திக் கை தூக்குகிற என்னைப் போன்றவர்களுக்கு இந்தப் பகுதி இலேசாக ஜீரணமாகாது. கிறிஸ்துமஸின் அர்த்தம் என்ன என்று யாராவது கேட்டால் நான் தூக்கத்தில்கூடப் பதில் சொல்லுவேன். தேவன் மனிதனானார், நம்முடைய பாவங்களிலிருந்து நம்மை இரட்சிக்க வந்தார், இம்மானுவேல். பதில் சரிதான். அந்த வேதபாரகர்கள் சொன்னதும் சரியான பதில்தான். ஆகவே "அர்த்தத்தை மறந்துவிட்டோம்" என்ற டிசம்பர் மாதப் புலம்பலே எனக்குப் பொருத்தமாகப் படவில்லை. மறந்தால்தானே தேட வேண்டும்? அந்தச் சரியான பதிலை வாயில் வைத்துக்கொண்டு, அந்தப் பத்துக் கிலோமீட்டரை நடக்காமல் இருப்பதுதான் நம் வியாதி.

மேய்ப்பர்களிடம் அந்த வியாதி இல்லை. அவர்களுக்கு வேதம் எவ்வளவு தெரியும் என்று லூக்கா சொல்லவில்லை, அவர்கள் ஜெபித்துக்கொண்டிருந்ததாகவும் எழுதவில்லை. இராத்திரியில் மந்தையைக் காத்துக்கொண்டிருந்தார்கள். அதாவது நைட் டூட்டி.

இந்த டூட்டி விஷயம் எனக்குச் சுயமாகத் தோன்றியதில்லை. எங்கள் கொயரில் ஒரு பெண் இருக்கிறாள், நர்ஸ். என்னைவிட வயதில் மிகவும் சின்னவள், நல்ல குரல். கிறிஸ்துமஸ் ராத்திரி அவளுக்கு வார்டில் டூட்டி விழுந்துவிட்டது. "ராத்திரி ஆராதனைக்கு வர முடியலையேன்னு வருத்தமா இருக்கா?" என்று கேட்டேன்.

"மொதல்ல இருந்துச்சு அக்கா. அப்புறம் யோசிச்சேன். அன்னைக்கு ராத்திரி கோயில்ல இருந்தவங்களுக்கா சேதி வந்துச்சு? டூட்டியில இருந்தவங்களுக்குத்தானே வந்துச்சு. நீங்க பாடுங்க, நான் ட்ரிப்ஸைப் பாத்துக்கறேன்."

அந்த வசனத்தைப் பற்றி எத்தனையோ பிரசங்கம் கேட்டிருக்கிறேன், எதுவும் இந்த அளவுக்கு மனதில் ஒட்டவில்லை. அதன்பிறகு அந்தப் பகுதியைத் திரும்ப வாசித்தபோது, தேவதூதன் சொன்ன அடையாளம் கண்ணில் பட்டது. துணியில் சுற்றி, முன்னணையில் கிடத்தியிருக்கிற பிள்ளை. முன்னணை என்றால் மாட்டுக்கும் ஆட்டுக்கும் தீவனம் போடுகிற தொட்டி. மேய்ப்பர்களின் பிழைப்பில் அன்றாடம் புழங்குகிற சாமான். சாஸ்திரிகளுக்கு நட்சத்திரம் காட்டப்பட்டது, அவர்கள் வானத்தைப் பார்க்கிற தொழில் செய்தவர்கள். மேய்ப்பர்களுக்குத் தீவனத் தொட்டி. அவரவர் வேலையில் தினமும் கண்ணில் படுகிற பொருளைக் கொண்டே அவரவருக்கு வழி சொல்லப்படுகிறது. இதை இறையியல் என்று நான் சொல்லிக்கொள்ள மாட்டேன், வாசிக்கும்போது கண்ணில் பட்டது, அவ்வளவுதான். ஆனால் டிசம்பரில் என் கையில் இருக்கிற சாமான்களை, துடைப்பம், பாட்டுத்தாள், போர்த்த வேண்டிய பரிசுப் பெட்டி எல்லாவற்றையும், அதற்கப்புறம் நான் வேறு மாதிரி பார்க்க ஆரம்பித்தேன்.

அப்புறம் அந்த மேய்ப்பர்கள் என்ன செய்தார்கள்? திரும்பிப் போனார்கள். ஆடுகள் அங்கேயேதான் இருந்தன.

முன்னணையைப் பற்றிப் பேசும்போது இத்தாலியின் கிரெச்சியோ கிராமத்தை விட முடியாது. 1223 கிறிஸ்துமஸுக்கு அசிசி பிரான்சிஸ் என்ற துறவி அங்கே வைக்கோல் நிரப்பிய ஒரு முன்னணையைத் தயார்செய்யச் சொன்னார். உயிருள்ள ஒரு மாட்டையும் கழுதையையும் நிற்க வைத்து, அங்கேயே திருப்பலி நடந்தது. அந்தப் பச்சைக் குழந்தை எவ்வளவு வசதிக்குறைவில் கிடந்தது என்பதைத் தன் கண்ணாலேயே பார்க்க வேண்டும் என்பது அவருடைய ஆசை என்று அவருடைய முதல் வரலாற்றாசிரியர் எழுதுகிறார். அழகான காட்சி வேண்டும் என்று அவர் கேட்கவில்லை. அங்கிருந்து இன்றைக்கு நாம் வைக்கிற பளபளப்பான குடில்கள் வரை வந்த தூரத்தை நினைத்தால் சிரிப்பு வருகிறது.

அந்த மாடும் கழுதையும் லூக்காவிலும் இல்லை, மத்தேயுவிலும் இல்லை. அவை ஏசாயாவின் முதல் அதிகாரத்திலிருந்து வந்தவை. "மாடு தன் எஜமானனையும், கழுதை தன் ஆண்டவனின் முன்னணையையும் அறியும், இஸ்ரவேலோ அறிவில்லாமலும்" என்று தொடர்கிற கடிந்துரை அது. ஆதிச் சபையார் அந்த வசனத்தைப் பிறப்பின் காட்சியோடு சேர்த்துப் படித்தார்கள், சிற்பங்களிலும் செதுக்கினார்கள். ஆகவே குடிலில் அந்த இரண்டு மிருகங்களும் அலங்காரத்துக்கு நிற்கவில்லை. யாருடைய தொட்டி இது என்று தங்களுக்குத் தெரியும், உங்களுக்குத் தெரியுமா என்று கேட்டுக்கொண்டு நிற்கின்றன. குடில் வைக்கிற வீடுகளில் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக் கொடுக்கலாம்.

மேலே சொன்ன கிரெகொரிக்குத் திரும்ப வருகிறேன். அலங்காரங்களைத் திட்டியவர் என்று மட்டும் அவரை விட்டுவிடுவது அநியாயம். இயேசுவுக்கு மனித உடல் இருந்தது, ஆனால் முழுமையான மனித மனம் இல்லை என்று அந்நாளில் ஓர் உபதேசம் உலவியது. அதை மறுத்துக் கிரெகொரி ஒரு கடிதத்தில் எழுதினார்: எதை அவர் தம்மீது ஏற்றுக்கொள்ளவில்லையோ, அது குணமாக்கப்படவும் இல்லை. மனிதனில் ஒரு பகுதியை அவர் விட்டுவிட்டிருந்தால், அந்தப் பகுதி இரட்சிக்கப்படாமலே நிற்கும் என்பது வாதம்.

வேலை மிகுந்த டிசம்பரில் இதைவிட நமக்குத் தேவையான உபதேசம் இல்லை என்று நினைக்கிறேன். "அந்த வார்த்தை மாம்சமாகி... நமக்குள்ளே வாசம்பண்ணினார்" என்று யோவான் எழுதும்போது, மாம்சம் என்பதில் களைப்பும் சேர்ந்துதானே வருகிறது? அதே யோவானின் நாலாம் அதிகாரத்தில் இயேசு நடந்து களைத்துப்போய்க் கிணற்றருகே உட்காருகிறார். மாற்குவில் புயலுக்கு நடுவே படகில் தலையணை வைத்துத் தூங்குகிறார். ஜனங்கள் மொய்த்ததால் சாப்பிடக்கூட அவருக்கும் சீடர்களுக்கும் நேரம் கிடைக்காமல் போன நாட்களும் உண்டு. முப்பது வயது வரை ஒரு தச்சன் வீட்டில் இருந்தவர். காலக்கெடு, வாடிக்கையாளர், முடியாத வேலை எதுவும் அவருக்குத் தெரியாதது இல்லை. வேலைகளை எல்லாம் ஒதுக்கிவிட்டு, தூய்மையான ஒரு மணி நேரத்தைத் தயார்செய்த பிறகுதான் அவரைச் சந்திக்க முடியும் என்று நினைத்தால், அவர் மனிதனானதை நாம் பாதிதான் நம்புகிறோம்.

அதற்காக அமைதியே வேண்டாம் என்று சொல்லவில்லை. வீட்டுக்கு வந்த இயேசுவுக்கு விருந்து செய்வதில் ஓடிக்கொண்டிருந்த மார்த்தாளிடம் அவர் சொன்னது எனக்கு மறக்கவில்லை. ஆனால் அங்கேயும் கவனித்துப் பார்த்தால், அவள் உணவு தயார்செய்வதை அவர் குறை சொல்லவில்லை. அநேக காரியங்களைக் குறித்துக் கவலைப்பட்டுக் கலங்குகிறாய் என்கிறார். அவளும் வேலையோடு நிற்கவில்லை, அவர் காலடியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்த தன் சகோதரியை உதவிக்கு அனுப்பும்படி ஆண்டவரிடமே முறையிட்டாள். எனக்கு இது நன்றாகவே புரிகிறது. டிசம்பரில் என் வேலை என்னைக் கெடுப்பதைவிட, மற்றவர்கள் என்ன செய்யவில்லை என்று நான் மனதில் வைத்திருக்கிற கணக்குத்தான் அதிகம் கெடுக்கிறது.

அமைதிக்கு நான் செய்வது ஒன்றுதான், என் கண்டுபிடிப்பும் இல்லை, பலர் செய்வது. லூக்காவில் 24 அதிகாரங்கள். டிசம்பர் 1ஆம் தேதி தொடங்கி நாளுக்கு ஒன்று வாசித்தால் 24ஆம் தேதி முடிந்துவிடும். பிறப்பின் கதை முதல் இரண்டு நாளிலேயே முடிந்துபோகும், ஆரம்பத்தில் எனக்கு அது ஒரு குறையாகப் பட்டது. ஆனால் கூட்டமும் அவசரமும் உச்சத்தில் இருக்கிற 22, 23ஆம் தேதிகளில் கையில் வருவது கடைசி இராப்போஜனமும் சிலுவையும். 24ஆம் தேதி உயிர்த்தெழுதல். துணியில் சுற்றி முன்னணையில் கிடத்தப்பட்டவரை, கடைசியில் இன்னொருவர் துணியில் சுற்றிக் கல்லறையில் வைக்கிறார். அதை வாசித்துவிட்டு ராத்திரி ஆராதனைக்குப் போனால், வழக்கமான பாட்டுகளே வேறு கனத்தோடு கேட்கின்றன.

பரிசுகளையும் செலவையும் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். நான் இரண்டு காரியம் மட்டும் சொல்கிறேன். குழந்தையை ஆலயத்துக்குக் கொண்டுபோனபோது யோசேப்பும் மரியாளும் செலுத்தியது புறாக்கள். ஆட்டுக்குட்டி வாங்க வசதியில்லாதவள் இரண்டு புறாக்களைக் கொண்டுவரலாம் என்று லேவியராகமம் 12இல் சலுகை இருக்கிறது. அந்தச் சலுகையில்தான் அவர்கள் வந்தார்கள். இரண்டாவது, கிறிஸ்துமஸுக்கு முந்தின வருகைக் காலத்தின் ஞாயிறுகளில் பல சபைகளில் வாசிக்கப்படுவது யோவான் ஸ்நானகனின் பகுதி. நாங்கள் என்ன செய்ய வேண்டும் என்று ஜனங்கள் கேட்டபோது அவர் சொன்ன பதிலில் மறைபொருள் எதுவும் இல்லை: இரண்டு அங்கி வைத்திருக்கிறவன் இல்லாதவனுக்கு ஒன்று கொடுக்க வேண்டும், சாப்பாடு இருக்கிறவனும் அப்படியே. கிறிஸ்துமஸுக்கு எப்படி ஆயத்தமாவது என்று கேட்கிறவர்களுக்கு இதைவிட நேரடியான விடை கிடைக்காது. அலமாரியைத் திறந்து பார்த்தால் போதும்.

எல்லாருக்கும் டிசம்பர் பரபரப்பாக இருப்பதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அந்த வருஷம் வீட்டில் ஒருவரை இழந்தவர்களுக்கு, பிள்ளைகள் பேசாமல் போன பெற்றோருக்கு, இந்த மாதம் நகரவே நகராது. சில சபைகள் டிசம்பர் 21 வாக்கில், பூமியின் வடபாதியில் மிக நீண்ட இரவு வருகிற சமயத்தில், துக்கத்தில் இருப்பவர்களுக்காக ஒரு தனி ஆராதனை வைக்கின்றன. அலங்காரம் அதிகம் இருக்காது, வாழ்த்தச் சொல்லிக் கட்டாயப்படுத்தவும் மாட்டார்கள். எங்கள் ஆராதனைக் குறிப்புகளில் அப்படி ஒன்று இருந்திருக்கலாம் என்று நான் ஆசைப்படுவதுண்டு. மத்தேயு துக்கத்தை ஒளிக்கவில்லை. சாஸ்திரிகளின் காணிக்கைகளுக்கு அடுத்தே ஏரோது பெத்லகேமின் குழந்தைகளைக் கொன்றதும், பிள்ளைகளை இழந்து ஆறுதலடையாத ராகேலின் அழுகையும் வருகின்றன. திருச்சபை நாட்காட்டி டிசம்பர் 28ஐ அந்தக் குழந்தைகளுக்கு ஒதுக்கியிருக்கிறது. கிறிஸ்துமஸ் முடிந்து மூன்றே நாளில்.

"முடிந்து" என்று எழுதிவிட்டேன், பாருங்கள், அதுவே நம் பழக்கம். நாட்காட்டியின்படி 25ஆம் தேதி கிறிஸ்துமஸ் தொடங்குகிறது. அதற்கு முந்தின நாலு ஞாயிறுகளும் காத்திருப்புக்கு, பல கிழக்கத்திய சபைகளில் அது நாற்பது நாள் உபவாசம். பண்டிகைக்காலம் 25இல் தொடங்கிப் பன்னிரண்டு நாள் ஓடி, ஜனவரி 6ஆம் தேதி, சாஸ்திரிகளின் வருகையை நினைக்கிற எப்பிபனித் திருநாளில் போய்ச் சேரும். பழைய நாட்காட்டியைப் பின்பற்றுகிற ஆர்த்தடாக்ஸ் சபைகள் ஜனவரி 7இல்தான் கிறிஸ்துமஸே கொண்டாடுகின்றன. நாமோ காத்திருக்க வேண்டிய நாட்களையெல்லாம் கொண்டாடித் தீர்த்துவிட்டு, கொண்டாட வேண்டிய நாட்களில் களைத்துப் படுத்துவிடுகிறோம்.

அதனால் இந்த வருஷம் என் பட்டியலில் இருந்த வீட்டுச் சந்திப்புகளை 25க்குப் பிறகு தள்ளி வைத்திருக்கிறேன். நடக்க முடியாத பெரியவர்கள், புதிதாகத் துணையை இழந்த ஒருவர், வாழ்த்து அனுப்பி மட்டும் கடமையை முடித்துக்கொள்ள நினைத்திருந்த சிலர். 25க்கு முன்னால் போயிருந்தால் வாசலில் நின்றபடியே கையில் ஒரு பொட்டலத்தைக் கொடுத்துவிட்டு அடுத்த வீட்டுக்கு ஓடியிருப்பேன். அந்தப் பன்னிரண்டு நாளில் எனக்கு ஒத்திகை கிடையாது, அறிவிப்பு எழுதுவதும் கிடையாது. எண்பத்துநாலு வயது அன்னாள் என்கிற விதவை ஆலயத்தில் அந்தக் குழந்தையைக் கண்டதும் எல்லாரிடமும் அவரைப் பற்றிப் பேசினாள் என்று லூக்கா சொல்கிறார். வயதானவர்கள் பேசட்டும், நான் கேட்கிறேன்.

அந்த நர்ஸுக்கு 27ஆம் தேதிதான் லீவு. வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். "வாங்க அக்கா, எதுவும் வாங்கிட்டு வராதீங்க. பேசிக்கிட்டே இருக்கும்போது நான் தூங்கிட்டா மட்டும் கோவிச்சுக்காதீங்க" என்றாள்.